ஒரு கொடுக்கு ஒரு கூட்டையே கூப்பிடும்



வெட்டுக்காட்டில் நமக்கு ஆபத்து எதனால் என்று யாராவது கேட்டால், பாம்பு, தேள், தலைமேல் விழும் குலை, மருந்தடிக்கும்போது மூக்கில் ஏறும் காற்று என்று வரிசையாகச் சொல்வோம். தேனீயைச் சொல்பவர்கள் குறைவு. "அட, ஈதானேப்பா! கொஞ்சம் வீங்கும், கொஞ்சம் வலிக்கும், சாயந்திரம் சரியாப் போயிடும்" என்பதே நம்மவர் பேச்சு.

ஒரே ஒரு ஈ, ஒரே ஒரு தடவை கொட்டினால், உடம்பு ஒவ்வாத சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பேச்சு சரிதான். ஆனால், கூட்டுக்குப் பக்கத்தில் தேனீ தனியாகக் கொட்டுவதில்லை. முதல் ஈ கொட்டிய கணத்திலேயே மற்ற ஈக்களுக்குச் செய்தி போய்விடுகிறது. அந்தச் செய்தி எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டவர் பிழைத்துக்கொள்ள வழி உண்டு. தெரியாதவர் தம் கையாலேயே அந்தச் செய்தியை இன்னும் பலமாக்கிவிடுகிறார். ஆகவே, "தேனீ கொட்டியது தலைவிதி" என்ற பேச்சை நாம் விட்டொழிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

வாடையே அபாயச் சங்கு

ஆலையில் தீப்பிடித்தால் சங்கு ஊதுகிறார்கள். தேனீக்கு அந்தச் சங்கு அதன் கொடுக்கிலேயே இருக்கிறது. கொடுக்கின் அடியில் உள்ள சுரப்பிகளிலிருந்து ஒரு வாடை கிளம்பும். அது காற்றில் பரவிய சில நொடிகளில் கூட்டிலுள்ள மற்ற ஈக்கள் விழித்துக்கொள்கின்றன.

இது நேற்று இன்று கண்டுபிடித்த சங்கதி அல்ல. சுவிட்சர்லாந்து நாட்டில் பிரான்சுவா ஹூபர் என்று ஒருவர் இருந்தார். கண்பார்வை இழந்தவர். உதவியாளரின் கண்களைக் கொண்டே தேனீக்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். கொடுக்கிலிருந்து வரும் வாடையே மற்ற ஈக்களுக்குக் கோபமூட்டுகிறது என்பதை 1814-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் அவர் எழுதி வைத்தார். அந்த வாடையில் உள்ள முக்கியமான இரசாயனம் ஐசோஅமைல் அசிட்டேட் என்பதை 1962-இல் கனடாவில் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள்.

பெயர் வாயில் நுழையவில்லை என்றால் பரவாயில்லை. அதன் மணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நன்கு பழுத்த வாழைப்பழத்தின் மணம்! வாழைப்பழத்திலும் இதே பொருள் இருக்கிறது. இதனால்தான் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வாழைப்பழம் தின்னக்கூடாது என்று எச்சரிக்கிறார்கள். கூடு இருக்கும் மரத்தடியில் நின்றிருக்கும்போது திடீரென்று அந்த மணம் மூக்கில் பட்டால், யார் பழம் கொண்டு வந்தது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். சங்கு ஊதியாகிவிட்டது என்று எண்ணி விலகுங்கள்.

கூட்டில் எல்லா ஈக்களும் சண்டைக்காரர்கள் அல்ல. ஆண் ஈக்களுக்குக் கொடுக்கே கிடையாது. புதிதாகப் பொரித்து வந்த வேலைக்கார ஈயிடம் இந்த வாடை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். இரண்டு மூன்று வாரம் வளர்ந்து, வாசலில் காவல் நிற்கும் பருவம் வரும்போதுதான் சுரப்பி நிரம்புகிறது. அபாயம் கண்டால் காவல்கார ஈ வயிற்றின் நுனியைத் தூக்கி, கொடுக்கறையைத் திறந்து, இறக்கையால் விசிறி வாடையைக் கூட்டுக்குள் அனுப்பும். உள்ளே இருப்பவை திமுதிமுவென்று வெளியே வரும். வந்த பிறகு கருப்பாக இருப்பது, அசைவது, மூச்சு விடுவது எதுவோ அதன்மேல் பாயும். மனிதனின் தலைமுடியும் முகமும்தான் முதலில் அகப்படும்.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. இந்த வாடையை நுகர்ந்த தேனீக்கு வலி உணர்வு குறைந்துவிடுகிறது என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். ஆகவே, "ரெண்டு தட்டு தட்டினா பயந்து ஓடிடும்" என்று நினைப்பது வீண். அந்த நேரத்தில் அதற்குப் பயமும் இல்லை, வலியும் பெரிதில்லை.

கொட்டியதும் நடப்பது என்ன?

தேனீயின் கொடுக்கில் தூண்டில்முள்போல் பின்பக்கம் வளைந்த பற்கள் இருக்கின்றன. நம் தோலில் ஏறினால் திரும்ப வராது. ஈ பறக்க முயலும்போது கொடுக்கும் நஞ்சுப் பையும் அதன் வயிற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு நம் உடம்பிலேயே தங்கிவிடும். ஈ செத்துப்போகும். ஆனால் கொடுக்கு சாவதில்லை! அது தானாகவே துடித்துக்கொண்டு நஞ்சை உள்ளே இறக்குகிறது. அதே சமயம் வாடையையும் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதாவது, "இங்கே கொட்டு, இந்த இடத்திலேயே கொட்டு" என்று நம் உடம்பில் ஒரு கொடி நட்டுவிட்டுப் போகிறது. ஒரு கொட்டு பத்தாவதும், பத்து நூறாவதும் இப்படித்தான்.

ஆகவே, கொடுக்கை உடனே எடுப்பதில் இரட்டை லாபம் உண்டு. நஞ்சும் குறையும், கொடியும் இறங்கும். நஞ்சில் பெரும்பகுதி முதல் இருபது, முப்பது நொடிக்குள் உள்ளே போய்விடுகிறது. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், கிள்ளி எடுத்தால் நஞ்சு இறங்கிவிடும் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1996-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் வந்த ஆய்வு, எடுக்கும் முறை முக்கியமல்ல, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று காட்டிவிட்டது. சுரண்டியோ, கிள்ளியோ, சட்டைக் கையால் தேய்த்தோ, எப்படியாவது எடுத்துவிடுங்கள். ஆனால் ஓடிக்கொண்டே எடுங்கள். மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணி எடுக்கும் நேரம் அதுவல்ல.

குளவிக்கும் நம் செம்பனை மட்டைகளில் கூடு கட்டும் தெபுவானுக்கும் கொடுக்கு அறுந்து தங்காது. ஒன்றே பல தடவை கொட்டும். ஆனால் அவற்றுக்கும் அபாய வாடை உண்டு. கூட்டுக்குப் பக்கத்தில் ஒன்றை அடித்து நசுக்கினால் மற்றவை வரும் என்பதில் மாற்றமில்லை.

நம் நாட்டு மலைத்தேனீ

மரப்பொந்திலும் சுவர் ஓட்டையிலும் அடுக்கடுக்காகக் கூடு கட்டும் சிறு தேனீயைப் பலர் பெட்டியில் வளர்க்கிறார்கள். அது பெரும்பாலும் சாது. கெலுலுட் என்னும் மிகச் சிறிய ஈக்குக் கொட்டும் கொடுக்கே இல்லை. நாம் அஞ்ச வேண்டியது மலைத்தேனீக்கு. துவாலாங் போன்ற உயர்ந்த மரங்களின் கிளைக்கடியிலும், பாறையிலும், சில சமயம் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும், கட்டடத்தின் விளிம்பிலும் ஒரே அடையாகத் தொங்குகிறதே, அதுதான். ஒரு கூட்டில் பல்லாயிரம் ஈக்கள் இருக்கும். கதவு, சுவர் எதுவும் கிடையாது. ஈக்களின் உடம்பே கூட்டுக்குச் சுவர். அதனால் சிறு தொந்தரவுக்கும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும்.

மலைத்தேனீயின் அபாய வாடையில், சீக்கிரம் ஆவியாகிவிடும் அந்த வாழைப்பழ மணப் பொருளோடு, மெதுவாகக் கரையும் வேறொரு பொருளும் கலந்திருக்கிறது. ஆகவே அதன் கோபம் சட்டென்று தணிவதில்லை. வெகுதூரம் துரத்தி வரும்.

கூட்டின்மேல் ஓர் அலை ஓடுவதுபோல் பளபளவென்று அசைவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஈக்கள் வரிசை வரிசையாக வயிற்றைத் தூக்கி இறக்குவதால் வரும் அலை அது. குளவி போன்ற பகைவனை விரட்டச் செய்வது. பார்க்க அழகாயிருக்கிறது என்று பக்கத்தில் போய் நிற்காதீர்கள். கூடு விழித்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

பால்மரம் இலையுதிர்ந்து புதுத்துளிர் விடும் காலத்தில் இலைக்காம்பில் தேன் சுரக்கும். தேனீக்களும் அதைத் தேடி வரும். மலைத்தேனீ பருவம் பார்த்து வந்து, பருவம் முடிந்ததும் இடம் மாறும். பெரும்பாலும் ஒரே மரத்துக்கே மறுபடியும் வரும். ஆகவே, போன வருஷம் எந்த நிரையில் எந்த மரத்தில் கூடு இருந்தது என்று தெரிந்தவர்கள் இந்த வருஷமும் அந்த மரத்தை முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

நாம் விட வேண்டிய பழக்கங்கள்

முதலாவது, கையை வீசி அடிப்பது. அடிபட்டு நசுங்கிய ஈயிடமிருந்தும் வாடை கிளம்பும். அசைவும் வாடையும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, "அசையாம கட்டை மாதிரி நின்னா ஒன்னும் பண்ணாது" என்ற நம்பிக்கை. ஒன்றிரண்டு ஈ சும்மா சுற்றும்போது அது சரி. கூட்டமாக வந்து கொட்டத் தொடங்கிய பிறகு நிற்பது உயிருக்கு ஆபத்து. சட்டையையோ துண்டையோ தலைமேல் இழுத்து, மூக்கையும் வாயையும் மறைத்து, கண்ணுக்கு வழி மட்டும் விட்டு, நேராக ஓடுங்கள். வீடு, ஸ்டோர், லாரி, கார் எதுவானாலும் உள்ளே புகுந்து கதவைச் சாத்துங்கள். கூடவே நாலு ஈ உள்ளே வந்தால் பரவாயில்லை. வெளியே நாலாயிரம் இருக்கிறது.

மூன்றாவது, குளத்திலோ வாய்க்காலிலோ குதிப்பது. மேலே காத்திருக்கும் ஈக்கள் தலை தூக்கும்போதெல்லாம் கொட்டும். மூச்சுத் திணறி மூழ்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

நான்காவது, விட்டு வந்த சாமானுக்காகத் திரும்பிப் போவது. "கத்தி கெடக்கு, வாளி கெடக்கு, பால் உறைஞ்சிடும்" என்று நம்மவர்கள் திரும்பிப் போகிறார்கள். ஓடி வந்தவரின் சட்டையிலும் அந்த மரத்தடியிலும் வாடை இன்னும் இருக்கிறது. அந்தச் சட்டையைக் கழற்றித் துவைக்காமல் மறுபடியும் கூட்டுப் பக்கம் போகவே கூடாது. வாளி போனால் வாளி வாங்கலாம்.

ஐந்தாவது, பிள்ளைகள் கூட்டின்மேல் கல் எறிவது. எறிந்தவன் ஓடிவிடுவான். பின்னால் வரும் பாட்டியும், தங்கையைத் தூக்கி வரும் அக்காளும் அகப்படுவார்கள். தாய்மார்கள் இதைப் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லி வையுங்கள்.

கொட்டுப் பட்டவருக்கு

பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் மீதிக் கொடுக்குகளை எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுத் தண்ணீரால் கழுவுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஈரத்துணியோ, துணியில் சுற்றிய ஐஸோ வைத்தால் வலி குறையும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் உள்ளே போன நஞ்சை முறிக்காது. தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

ஒரே ஒரு கொட்டானாலும், உடம்பு முழுதும் தடிப்பு, முகமும் நாக்கும் வீக்கம், மூச்சு இழுப்பு, தலைசுற்றல், வாந்தி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே 999-க்கு அழையுங்கள். இது ஒவ்வாமை. சில நிமிடங்களில் உயிரைக் குடிக்கக் கூடியது. இதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான், மாத்திரை அல்ல. ஊசி வரும்வரை அவரை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார விடலாம். எழுந்து நடக்கவிடாதீர்கள். முன்பு ஒரு தடவை இப்படி வந்தவர், மறுபடியும் வரலாம் என்று கருதி மருத்துவரிடம் ஆலோசனை கேட்டு வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வாமை இல்லாதவருக்கும் கொட்டுகளின் எண்ணிக்கை கூடினால் நஞ்சே ஆபத்து. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 19 கொட்டுகள் என்பது, பட்டவர்களில் பாதிப் பேர் உயிரிழக்கக்கூடிய அளவு என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. 60 கிலோ ஆளுக்கு அது ஆயிரத்துக்கு மேல். 15 கிலோ குழந்தைக்கோ 300-கூட இல்லை. வயதானவர்களும் இருதய நோயாளிகளும் இதைவிட மிகக் குறைவான கொட்டுகளிலேயே இறந்துபோகலாம். பல பத்துக் கொட்டுகள் பட்டவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தசையும் இரத்தமும் சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுப்பது பிறகுதான் தெரியவரும். சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

இது யாருடைய பொறுப்பு?

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கூடு இருக்கிறது என்று தெரிந்தும் அந்த நிரைக்கு ஆளை அனுப்புவது விபத்து அல்ல, அலட்சியம்! புல்வெட்டும் இயந்திரத்தின் அதிர்வும் சத்தமும் புகையும் தேனீயைக் கிளப்பிவிடும் என்பது புதுச் செய்தியா? முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு ஒருவர் எவ்வளவு வேகத்தில் ஓட முடியும்? தனியாக அனுப்பப்பட்டவர் மயங்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்?

அதைவிடக் கொடுமை, "ஒரு பந்தம் கொளுத்தி வெரட்டிட்டு வாப்பா" என்று சாதாரணத் தொழிலாளியிடம் சொல்வது. புகை தேனீயைக் கொல்வதில்லை. அதன் உணர்கொம்பு வாடையை நுகரும் திறனைச் சற்று மழுங்கச் செய்கிறது, அவ்வளவுதான். பத்து இருபது நிமிடத்தில் அந்தத் திறன் திரும்பிவிடும் என்று 1995-இல் வந்த ஆய்வு சொல்கிறது. பந்தம் பிடித்தவர் தப்பிப் போனாலும், கலைந்த ஈக்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்து வருபவர்மேல் பாயும். கெடா மாநிலத்தில் பெடு வட்டாரக் காட்டில் தேன் எடுப்பவர்கள் நிலவில்லாத இரவில்தான் துவாலாங் மரம் ஏறுகிறார்கள். பந்தத்தைக் கிளையில் தட்டித் தீப்பொறி உதிரச் செய்து, ஈக்கள் பொறியைத் துரத்திக் கீழே போகும்படி செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கற்ற வித்தை அது. பட்டப்பகலில் பெரட்டு முடிந்து வந்த ஆளிடம் அதைச் சும்மா எதிர்பார்க்கலாமா?

அதற்காகக் காணும் கூட்டையெல்லாம் அழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டுப் பின்புறத்துப் பூசணியும் பாகலும் காய்ப்பதில் தேனீக்குப் பங்கு உண்டு. ஆள் நடமாட்டமில்லாத உயரத்தில் இருக்கும் கூட்டை விட்டுவிடலாம். பருவம் முடிந்தால் அதுவே போய்விடும். வீடு, பள்ளி, ஆயாக் கொட்டகை, வேலை நிரை இவற்றுக்குப் பக்கத்தில் இருந்தால், அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைத்தான் அழைக்க வேண்டும். தீயணைப்பு மீட்புப் படையும் பொதுத் தற்காப்புப் படையும் இருக்கின்றன.

நாம் கேட்பது பெரிய செலவல்ல. காலைப் பெரட்டிலேயே எந்த நிரையில் கூடு இருக்கிறது என்று சொல்லட்டும். அந்த இடத்தைச் சுற்றித் தூரத்திலேயே சிவப்புத் துணி கட்டட்டும். அங்கே இயந்திர வேலையை நிறுத்தி வைக்கட்டும். புல்வெட்டுக்கும் மருந்தடிப்புக்கும் தனியாள் வேண்டாம், இருவராக அனுப்பட்டும். தோட்ட மருந்தகத்தில் அட்ரினலினும், அதைப் போடத் தெரிந்தவரும் இருக்கட்டும். மருந்தகம் இல்லாத தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி தயாராக இருக்கட்டும். கூட்டுக்கு அஞ்சி நிரையை விட்டு வந்தவரின் அன்றைய கூலியில் கை வைக்காதிருக்கட்டும். கூலி போய்விடும் என்ற பயம்தான் பலரைக் கூட்டுக்கடியிலேயே நிற்க வைக்கிறது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலைப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. வேலை நேரத்தில் வேலையின் பொருட்டுக் கொட்டுப் பட்டால் அதை வேலை விபத்தாகப் பதிந்து சொக்சோவுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். "ஈ கடிச்சதுக்கெல்லாமா சொக்சோ?" என்று சிரித்தால் சிரிக்கட்டும். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து நிரையில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச நண்பருக்கும் இதைச் சொல்லுங்கள். கொடுக்கு கடப்பிதழ் பார்த்துக் கொட்டுவதில்லை.

ஆனால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், முதலில் அவருக்குச் செய்தி போயிருக்க வேண்டும். அங்கேதான் நம் பங்கு வருகிறது. கூட்டைப் பார்த்த நம்மவர் பலர், "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒதுங்கி நடந்து போய்விடுகிறோம். அடுத்த நாள் அந்த நிரைக்குப் புதிய ஆள் வருகிறார். ஒரு சிறு ஈ தான் சாகும்போதும் கூட்டுக்குச் சேதி சொல்லிவிட்டுச் சாகிறது. நாம் உயிரோடு இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்ல மாட்டோமா?

கூட்டைப் பார்த்தவர் அன்றே கங்காணியிடம் சொல்லுங்கள். கிராணியிடம் சொல்லிக் குறித்து வைக்கச் செய்யுங்கள். இரண்டு நாளில் ஒன்றும் நடக்காவிட்டால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். வீட்டில் மனைவி மக்களிடமும் சொல்லுங்கள். நாளைக் காலை வேலைக்குப் போகும்போது, மரத்தில் கத்தி வைப்பதற்கு முன் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள்.